ரிமோட் டெஸ்க்டாப்: ஐந்து நிமிடத்தில் நிறுவும்போது நேரும் தவறுகள்

தொலைவில் இருக்கும் அப்பாவின் கணினியில் அச்சுப்பொறி வேலை செய்யவில்லை என்றால், "இடது பக்கம் கீழே என்ன தெரிகிறது?" என்று தொலைபேசியில் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பதைவிட, அந்தத் திரையை நாமே பார்த்துச் சரிசெய்துவிடுவது இருவருக்கும் எளிது. எனிடெஸ்க், டீம்வியூவர், ரஸ்ட்டெஸ்க், குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போன்ற, தொலைவிலிருந்தே இன்னொரு கணினியைப் பார்த்து இயக்க உதவும் நிரல்கள் இதற்குத்தான் இருக்கின்றன. இவற்றை நிறுவ ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் யோசிக்காமல் தேர்ந்தெடுக்கும் ஓர் அமைப்பு, பிறகு யாருடைய கண்ணிலும் படாமல் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருந்துவிடுகிறது.

மென்பொருளை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதிலேயே தவறு தொடங்கிவிடலாம். தேடுபொறியில் பெயரைத் தட்டி, முதலில் வரும் விளம்பர இணைப்பைச் சொடுக்குபவர்களைக் குறிவைத்தே போலித் தளங்கள் உருவாக்கப்படுகின்றன. ஆகவே நிறுவனத்தின் முகவரியை நேரடியாகத் தட்டச்சு செய்துதான் பதிவிறக்க வேண்டும். பென் டிரைவில் பத்திரப்படுத்திய பழைய பதிப்பையும் நம்ப வேண்டாம். 2024 பிப்ரவரியில், தன் சர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்ததை எனிடெஸ்க் நிறுவனமே அறிவித்து, மென்பொருள் தன்னுடையதுதான் என்று உறுதிசெய்யும் பழைய டிஜிட்டல் சான்றிதழ்களை ரத்துசெய்து, புதிய சான்றிதழுடன் வரும் பதிப்புக்கு மாறும்படி பயனர்களைக் கேட்டுக்கொண்டது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ஒரு முறை உதவிக்கும் நிரந்தர அணுகலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்காமல் விடுவது. ஒரு முறை உதவியில், எதிர்முனையில் இருப்பவர் அந்த நேரத்தில் கிடைக்கும் எண்ணைப் படித்துச் சொல்லி, அனுமதியும் கொடுத்தால்தான் நாம் உள்ளே செல்ல முடியும். குரோம் ரிமோட் டெஸ்க்டாப் தரும் 12 இலக்க எண் ஐந்து நிமிடத்தில் காலாவதியாகிவிடும். இணைப்பு முடிந்ததும் கதவு தானாகவே அடைபடும். நிரந்தர அணுகல் அப்படியல்ல. கணினி இயங்கத் தொடங்கும்போதே நிரலும் சேர்ந்து இயங்கும்; மாறாத ஒரு கடவுச்சொல் இருந்தால் போதும், எதிரே யாரும் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. "எதற்கும் இருக்கட்டும்" என்று இதைப் பலரும் இயக்கிவைத்து, மின்னஞ்சலுக்கு வைத்த அதே கடவுச்சொல்லை இதற்கும் வைத்துவிடுகிறார்கள். வேறு ஏதோ ஒரு தளத்திலிருந்து அந்தக் கடவுச்சொல் கசிந்தாலும், வீட்டுக் கணினியின் சாவி அந்நியர் கைக்குப் போய்விடும். மாதத்துக்கு ஒரு முறை உதவி தேவைப்படும் வீட்டுக்கு நிரந்தர அணுகல் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. உண்மையிலேயே தேவைப்பட்டால், வேறெங்கும் பயன்படுத்தாத நீளமான கடவுச்சொல்லை வைத்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லுடன் இன்னொரு குறியீட்டையும் கேட்பது) இயக்கி, அந்த நிரல் உங்கள் கணினிக்குத் தந்த எண்ணிலிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்கும்படி அமைத்துவிடுங்கள்.

விண்டோஸிலேயே உள்ள ரிமோட் டெஸ்க்டாப்பை நாடுவோர் செய்யும் தவறு வேறு வகையானது. ஹோம் பதிப்பு இந்த வழியில் வெளியிலிருந்து வரும் இணைப்பை ஏற்காது. புரோ பதிப்பு ஏற்கும். ஹோம் பதிப்பையும் ஏற்க வைப்பதற்காக, யாரோ எழுதிய சிறு நிரலைக் கொண்டு விண்டோஸின் செயல்பாட்டையே மாற்றுவது ஒரு தவறு. ரூட்டரில், ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் வாசலான 3389 என்ற போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடுவது அதைவிடப் பெரிய தவறு. அந்த எண்ணைத் தேடி இணையம் முழுவதையும் துழாவும் தானியங்கி நிரல்கள் ஓய்வதே இல்லை. போர்ட் எண்ணை மாற்றிவைத்தாலும் கண்டுபிடிக்கச் சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான். 2019 மே மாதத்தில் வெளிவந்த புளூகீப் என்ற குறைபாடு, கடவுச்சொல்லே இல்லாமல் இந்த வழியாகப் பழைய விண்டோஸ் கணினிகளுக்குள் நுழைய இடம் கொடுத்தது. 2014-லேயே ஆதரவை நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது என்றால், ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை ஊகிக்கலாம். இந்த வழிதான் வேண்டுமென்றால், முதலில் வயர்கார்டு போன்ற விபிஎன் (இரு கணினிகளுக்கு இடையே மறையாக்கப்பட்ட தனிப்பாதை) ஒன்றை அமைத்து, அதனூடாக மட்டும் இணையுங்கள்.

அடுத்தது, உதவியின் நடுவில் அவசரத்தில் செய்யும் தவறு. அச்சுப்பொறி போன்ற கருவியை இயக்கும் டிரைவர் நிரலை நிறுவ முயலும்போது உங்கள் பக்கம் திரை திடீரென்று கறுத்துப்போகும் அல்லது அசையாமல் நின்றுவிடும், அதே நொடியில் எதிர்முனையில், "இந்த நிரல் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா?" என்று விண்டோஸ் கேட்டுக்கொண்டிருக்கும். இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்துச் சிலர் மீண்டும் மீண்டும் இணைகிறார்கள். காரணம் தெரிந்த சிலரோ, தொல்லை வேண்டாம் என்று அந்த எச்சரிக்கையையே நிரந்தரமாக அணைத்துவிடுகிறார்கள். அதன்பின் எந்தத் தீநிரலும் கேட்காமலேயே நிர்வாகி உரிமை பெற வழி பிறக்கும். எதிரே இருப்பவரை "ஆம்" என்பதை அழுத்தச் சொன்னால் போதும். அல்லது நிரலைத் தொடக்கத்திலேயே நிர்வாகி உரிமையுடன் நிறுவிவிடலாம். மேக் கணினியில், திரைப்பதிவு அனுமதி கொடுக்காதவரை பின்னணிப் படம் மட்டுமே தெரியும், திறந்திருக்கும் சாளரங்கள் தெரியாது. மவுஸை இயக்க இன்னோர் அனுமதியும் வேண்டும். இரண்டையும் கணினியின் முன் இருப்பவர்தான் தர முடியும் என்பதால், நேரில் சென்றிருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

ஒரு கணினியில் நகலெடுத்ததை மற்றொன்றில் ஒட்ட வைக்கும் கிளிப்போர்டு பகிர்வையும் கவனியுங்கள். ஒருமுறை என் கணினியில் நகலெடுத்திருந்த கடவுச்சொல், எதிர்முனையில் நான் ஒட்டிய இடத்தில் வெளிப்படையாக வந்து நின்றது. தேவைப்படும்போது மட்டும் அதை இயக்கினால் போதும்.

கடைசியாக, கணினியின் சொந்தக்காரருக்கு எதையும் கற்றுக்கொடுக்காமல் விடுவதும் தவறே. யாரோ இணைந்திருப்பதை எந்தக் குறி காட்டுகிறது, எதை அழுத்தினால் இணைப்பு அறும் என்பதை அவரே ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். நிறுவனத்திலிருந்து பேசுகிறோம் என்று தானாக அழைத்து இணைப்பு எண்ணைக் கேட்கும் எவருக்கும் அதைச் சொல்லக்கூடாது என்பதையும் அவருக்குச் சொல்லிவையுங்கள். வேலை முடிந்ததும் சாளரத்தை மூடினால் நிரல் நின்றுவிட்டதாகப் பொருளில்லை. கணினியை ஒருமுறை அணைத்து இயக்கச் சொல்லி, கடிகாரத்தின் அருகே அந்தச் சிறு சின்னம் தானாக மீண்டும் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால், நிரல் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது. அமைப்புகளில் தானியங்கித் தொடக்கத்தை நிறுத்துங்கள் அல்லது நிரலை நீக்கிவிடுங்கள்.