வேலையிடம் காட்டுகிறோம் என்று கூட்ட அறையில் உட்கார வைக்காதீர்கள்

சிங்கப்பூரில் மாணவர்களுக்கு வாழ்க்கைத்தொழில் வழிகாட்டி நிகழ்ச்சி நடத்தப் புதிதாக வரும் தொண்டூழியர்கள் திட்டத்தை நீட்டும்போதெல்லாம், எங்கள் பழைய தவறுகளே புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கின்றன. மைக் வேலை செய்யுமா, சாப்பாடு போதுமா என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

பெரிய பதவிக்காரர் மட்டும் போதும் என்று நினைப்பது

பட்டியலில் முதல் பெயர் எப்போதும் ஒரு தலைமை நிர்வாகி. நன்றாகத்தான் பேசுவார். ஆனால் அவருக்குத் தெரிந்த பள்ளி, தேர்ச்சி பார்த்து மாணவர்களை எக்ஸ்பிரஸ், நார்மல் என்று பிரித்திருந்த பள்ளி. 2024இல் உயர்நிலை 1 சேர்ந்தவர்களுக்கு அந்தப் பிரிவே கிடையாது. பாடத்துக்குப் பாடம் ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகள்தான். ‘இப்ப எந்தப் பாடம் எடுக்கணும்?’ என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? தொழில்நுட்பக் கல்விக் கழகமான ஐடிஇயோ பலதுறைத் தொழிற்கல்லூரியோ முடித்து இரண்டு வருடமான ஒருவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பிள்ளைகள் அவரைத்தான் சூழ்ந்துகொள்வார்கள்.

பொன்னாடை

கடைசியில். இரண்டு நிமிடம்.

கூட்ட அறைச் சுற்றுலா

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. பெற்றோர் ஒப்புதல் படிவம், வாடகைப் பேருந்து, ஒரு நாள் வகுப்பு எல்லாம் செலவாகிறது. போய் இறங்கினால் குளிரூட்டிய அறை, நிறுவனத்தின் பெருமை பேசும் காணொளி, கையில் பேனா வைத்த பை. இதைப் பள்ளி மண்டபத்திலேயே காட்டியிருக்கலாமே!

சிலேத்தார் பக்கம் விமானப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றுக்குப் போனபோது இதுதான் நடந்தது. காணொளி ஓடி முடிவதற்குள் பாதிப் பேர் கைத்தொலைபேசிக்குள் போய்விட்டார்கள். திரும்பும் வழியில் பணிமனை வாசலில் நம்மவர் ஒருவர், தொழில்நுட்பர், கருவிப் பெட்டியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். இழுப்பறையில் கறுப்பு நுரைத் தட்டு. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவத்திலேயே வெட்டிய பள்ளம். ஒன்று இல்லையென்றால் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

“அண்ணே, ஒண்ணு காணாமப் போனா?” என்றான் ஒரு பையன்.

“கிடைக்கிற வரைக்கும் விமானத்த விடமாட்டோம், தம்பி. ராத்திரி மூணு மணின்னாலும் தேடணும்.”

ராத்திரி மூன்று மணிக்கும் வேலையா என்று அடுத்தவன் கேட்டான். ஷிப்ட், சம்பளம், எங்கே படித்தார் என்று கேள்விகள் கொட்டின. பேருந்து ஓட்டுநர் ஹாரன் அடித்துக் கூப்பிட வேண்டியதாயிற்று.

அதனால் நிறுவனத்திடம் முன்கூட்டியே மூன்று விஷயம் கேளுங்கள்: வேலை நடக்கும் இடத்துக்குள் எத்தனை பேரை விடுவீர்கள், யார் வேலை செய்வதைப் பார்ப்போம், பிள்ளைகள் எதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம்? பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுப்பது நியாயம்தான். அப்படியானால் நாற்பது பேரை எட்டு எட்டுப் பேராகப் பிரித்து வெவ்வேறு நாளில் அனுப்புங்கள். அதுவும் முடியாதென்றால் போகாதீர்கள். அந்தத் தொழில்நுட்பரைக் கருவிப் பெட்டியோடு பள்ளிக்கு வரச் சொல்லுங்கள். நீங்கள் அங்கே போவதாக இருந்தால், பிள்ளைகளை மறக்காமல் மூடிய காலணி போட்டு வரச் சொல்லுங்கள். செருப்போடு வந்த பிள்ளை வாசலிலேயே நிற்கும்.

“கேள்வி இருக்கா?”

பேச்சு முடிந்ததும் இப்படிக் கேட்டால் இருக்காது. ஒரு வாரம் முன்பே பிள்ளைகளிடம் தாளில் எழுதி வாங்கிப் பேச்சாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

பெற்றோரை விட்டுவிடுவது

பிள்ளை தாதியாக ஆசைப்பட்டு வீட்டுக்குப் போனால், ‘ஏன், டாக்டருக்குப் படியேன்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அம்மாவோ அப்பாவோ ஒருவராவது அரங்கில் இருக்கட்டும்.

காலம் தவறுவது

பலதுறைத் தொழிற்கல்லூரிகளுக்கு இஏஇ என்ற முன்கூட்டிய சேர்க்கை முறை இருக்கிறது. தேர்வு முடிவு வருவதற்கு முன்பே ஆர்வத்தையும் திறனையும் பார்த்து, குறைந்தபட்ச மதிப்பெண் நிபந்தனையோடு இடம் தருவார்கள். அந்தத் துறை ஏன் என்று எழுத வேண்டும், நேர்காணலிலும் சொல்ல வேண்டும். நேரில் பார்த்த பிள்ளைக்குச் சொல்ல விஷயம் இருக்கும். விண்ணப்பம் வழக்கமாக ஆண்டு நடுவில்தான் திறக்கும். எனவே உயர்நிலை 4 மாணவர்களை மார்ச் விடுமுறைக்குள் அழைத்துப் போங்கள். செப்டம்பர் விடுமுறையில் போனால் அந்த ஆண்டு விண்ணப்பம் முடிந்திருக்கும்.