'டவுட்' எந்தப் பக்கம் சாயும்?

வகுப்பில் கையைத் தூக்கி "மிஸ், ஒரு டவுட்" என்று கேட்டு வளர்ந்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், லண்டனில் இருந்த மேலாளருக்கு அதே பழக்கத்தில் மின்னஞ்சல் அனுப்பினேன்: உங்கள் திட்டத்தைப் பற்றி எனக்குச் சில 'டவுட்ஸ்' இருக்கின்றன. எந்தத் தேதியில் தொடங்குவது, கோப்புகளை எங்கே வைப்பது, இவ்வளவுதான் நான் கேட்க நினைத்தது. திட்டமே தேறாது என்று சொல்கிறேன் என அவர் எடுத்துக்கொண்டார். பத்தே நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. "எந்த இடம் சரியில்லை?" என்று அவர் பதற, எனக்கு வாய் அடைத்துப்போயிற்று.

நீங்களும் அப்படி மாட்டிக்கொள்ளாமலிருக்க, படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: உச்சரிப்பு

எழுதும்போது நடுவில் 'பி' உண்டு, சொல்லும்போது கிடையாது. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்த எழுத்தே இல்லை. 'டுபிடாரே' என்ற லத்தீன் மூலத்தை நினைவூட்டப் படிப்பாளிகள் பின்னால் சொருகியது அது. ஏட்டில் ஏறியது, நாக்கில் ஏறவில்லை.

இரண்டாம் படி: கேள்வி வேறு, டவுட் வேறு

விவரம் தெரிய வேண்டுமென்றால் 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' போதும். நமக்குள் 'ஐ ஹேவ் எ டவுட்' வேரூன்றிவிட்டது. அதைத் திருத்தக் கிளம்ப வேண்டாம் என்பது என் கட்சி. வெளிநாட்டவருக்கு எழுதும்போது மட்டும் கவனம் தேவை. அவர்கள் காதில் டவுட் என்றால் நம்பிக்கையின்மை.

மூன்றாம் படி: சாய்வைக் கண்டுபிடித்தல்

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள், நிதானமாகப் படியுங்கள். வீட்டில் மோதிரம் காணவில்லை. "அவன்தான் எடுத்திருப்பானோ என்று சந்தேகம்" என்கிறோம். எடுத்திருப்பான் என்று மனம் சொல்கிறது. "அவன் இன்று வருவது சந்தேகம்" என்றும் சொல்கிறோம். வரமாட்டான் என்று பொருள். நம் 'சந்தேகம்' இரண்டு பக்கமும் சாயும். ஆங்கிலத்தில் அந்த வேலையை இரண்டு சொற்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. 'சஸ்பெக்ட்' ஆம் பக்கம், 'டவுட்' இல்லை பக்கம்.

'ஐ சஸ்பெக்ட் ஹீ டுக் இட்' என்றால் அவன் எடுத்திருப்பான். 'ஐ டவுட் ஹீ டுக் இட்' என்றால் அவன் எடுத்திருக்கமாட்டான். பழி சுமத்தப் போனவர் டவுட் என்று சொன்னால், அவனுக்கே சாட்சி சொன்னதாகிவிடும்! எழுதுமுன் 'மாட்டான்', 'இருக்காது' போட்டுப் பாருங்கள். பொருந்தினால் டவுட்.

ஆணித் தழும்பைப் பார்த்தால்தான் இயேசு உயிர்த்தெழுந்ததை நம்புவேன் என்று சொன்ன சீடர் தோமாவின் பெயரால், எதையும் எளிதில் நம்பாதவரை ஆங்கிலத்தில் 'டவுட்டிங் தாமஸ்' என்பார்கள். ஆங்கிலத்தில் பரங்கிமலையின் பெயரில் இருக்கும் தாமஸும் இவர்தான்.

நான்காம் படி: தொடர்கள்

'நோ டவுட்' ஏமாற்றும். 'நோ டவுட் யூ ஆர் டயர்ட்' என்றால் "களைத்திருப்பீர்கள்" என்ற ஊகம்தான், அடித்துச் சொல்வது அல்ல. அடித்துச் சொல்ல 'வித்தவுட் டவுட்' இருக்கிறது.

'பெனிஃபிட் ஆஃப் த டவுட்' நமக்குப் புதிதல்ல. நீதிமன்றச் செய்திகளில் வரும் 'சந்தேகத்தின் பலன்' அதுவே. பஸ் பழுதாகிவிட்டது என்று தாமதமாக வந்தவர் சொல்கிறார். ஆதாரம் இல்லை, ஆனாலும் நம்பிவிடுகிறீர்கள் என்றால் அவருக்கு அதைக் கொடுத்துவிட்டீர்கள்.

பயிற்சி

"கடை இந்நேரம் திறந்திருப்பது சந்தேகம்." டவுட்.
"பாலில் தண்ணீர் கலந்திருக்கிறார்களோ என்று சந்தேகம்." சஸ்பெக்ட்.
"இன்று மழை வருவது சந்தேகம்." டவுட்.

கடைசியில் மட்டும் ஒரு விலக்கு. ஸ்காட்லாந்துப் பேச்சில் டவுட்டுக்கு 'அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது' என்ற பழைய பொருள் இன்னும் உண்டு. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் வானத்தைப் பார்த்து 'ஐ டவுட் இட் வில் ரெய்ன்' என்று முணுமுணுத்தால், குடையை எடுத்துக்கொள்ளுங்கள்.