உள்ளான் பின்னாடி ஓடாதீங்க, முன்னாடி போய்ப் படுத்துக்கோங்க

பீச்சுக்கு கேமரா தூக்கிட்டுப் போன மொத நாள் எல்லார் கார்டுலயும் நிறைஞ்சு கெடக்கறது வாலு தான். தூரத்துல உள்ளான் மாதிரி சின்னக் கரைப்பறவைங்க ஒரு கூட்டம் மேயுது, நாம நடக்கறோம், அது நாலடி தள்ளிப் போகுது, திரும்ப நடக்கறோம், கடைசில மொத்தமா ஜிவ்வுன்னு கெளம்பிடும், பதறிப் போய் நாலு க்ளிக் அடிச்சுட்டு வீட்டுக்கு வந்து பாத்தா எல்லாம் பின்பக்கம். நானும் ரெண்டு சீசன் இந்த வால் கலெக்ஷன் தான் சேத்தேன்.

நான் போறது பெரும்பாலும் தனுஷ்கோடி. அக்டோபர்லேர்ந்து மார்ச் வரைக்கும் கொசு உள்ளான், சாண்டர்லிங், கல்திருப்பி, உப்புக்கொத்தி எல்லாம் இருக்கும். அங்க ஒரு வசதி, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கடல். காலைல மன்னார் வளைகுடா பக்கம் போங்க. வெயில் இடது தோளுக்குப் பின்னால இருந்து வரும், அந்த மாசங்கள்ல வாடைக்காத்து முதுகுல அடிக்கும். காத்து ஏன் முக்கியம்னா பறவை காத்துக்கு எதிர்ல தான் நிக்கும், எதிர்ல தான் எழும்பும், அப்போ மூஞ்சி உங்களப் பாத்து இருக்கும். வால் பிரச்சனை பாதி இதுலயே தீந்துரும். சாயங்காலம்னா பாக் ஜலசந்தி பக்கம், ஆனா இருட்டறதுக்குள்ள வெளிய வந்துறணும். சென்னைக்காரங்களுக்கு காலைல சூரியன் கடல்லேர்ந்து நேரா கண்ணுல அடிக்கும், அங்க தண்ணி ஓரத்துல வடக்கப் பாத்துப் படுத்தா குளிர்காலத்துல வெளிச்சம் வலது தோள் பக்கம் வந்துரும்.

இப்போ கிட்டப் போறது. மொதல்ல பத்து நிமிஷம் சும்மா நின்னு கூட்டம் எந்தப் பக்கமா மேஞ்சுட்டுப் போகுதுன்னு பாருங்க. சாண்டர்லிங் அலை பின்வாங்கறப்ப ஓடிப் போய்க் கொத்தும், அலை வந்தா ஓடி வரும், அப்டியே கரையோட ஒரு பக்கமா நகந்துட்டே இருக்கும். நீங்க காஞ்ச மணல் பக்கமா நல்லா ஒதுங்கிச் சுத்திப் போய் அதுக்கு அம்பது மீட்டர் முன்னாடி ஈர மணல்ல குப்புறப் படுத்துக்கோங்க. உக்காரக் கூடாதான்னு கேக்காதீங்க, படுத்தா தான் அதுக்கு நீங்க சின்ன உருவம், படமும் கண்ணு மட்டத்துல வரும், பின்னாடி கடல் கரைஞ்சு போன மாதிரி நிக்கும்.

கூட்டம் நகராம இருந்தா தான் ஊர்ந்து போகணும், அதுவும் நேரா இல்ல, கோணலா. கழுத்த மட்டும் கவனிங்க. தலை கீழ இருக்கு, கொத்துதுன்னா ஒண்ணும் பிரச்சனை இல்ல. கொத்தறத நிறுத்திட்டு கழுத்த நீட்டி ஒரு கண்ணால சாய்ச்சுப் பாத்தா அப்டியே உறைஞ்சுருங்க, மூச்சு விட்டாப் போதும். உப்புக்கொத்தி தலைய வெடுக்வெடுக்குன்னு மேல தூக்கும், அது கடைசி வார்னிங். திரும்பக் கொத்த ஆரம்பிச்சப்புறம் தான் அடுத்த முழம். ஒரு தடவை முக்கா மணி நேரம் ஊர்ந்து இந்த மாதிரி கிட்டப் போய்ட்டேன், சட்டைப் பையில போன் அடிச்சுது, வீட்ல இருந்து, தக்காளி வாங்கிட்டு வரணுமாம். சைலண்ட்ல போடுங்க, வேறென்ன சொல்ல.

கரைவலை இழுக்கற இடம் கெடச்சா விடாதீங்க. தினம் பாக்கற ஆளுங்களுக்கு பறவை அவ்ளோ பயப்படாது, நம்மள மாதிரி உத்து உத்துப் பாக்கறவனுக்குத் தான் பயப்படும். வலை இழுக்கற ஒருத்தர்கிட்ட "அண்ணே, இங்கன ஓரமா படுத்துக்கவா"ன்னு கேட்டேன், "படு தம்பி, வலைய மட்டும் மிதிச்சுறாத"ன்னார். அன்னிக்குக் கெடச்ச கல்திருப்பி படம் தான் இன்னும் எங்க வீட்டுச் சுவத்துல இருக்கு.

செட்டிங் பெரிய ரகசியம் இல்ல. ஷட்டர் ஸ்பீடு ஓடற சாண்டர்லிங்குக்கு 1/2000, பறக்கறதுக்கு 1/3200, அதுக்காக ஐஎஸ்ஓ (கேமராவோட வெளிச்ச உணர்திறன்) ஏறினா ஏறட்டும். வெளுத்த மணல் கேமராவ ஏமாத்தி படத்த மங்கலாக்கும், அதனால எக்ஸ்போஷர கொஞ்சம் ப்ளஸ்ல வைங்க, ஆனா வெயில் ஏறினப்புறம் நெஞ்சு வெள்ளை வெந்து போகுதான்னு பாத்துக்கோங்க. 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் இருந்தா நல்லது, நிக்கான் பி950 மாதிரி லென்ஸ் கழட்ட முடியாத ஜூம் கேமரா வெச்சும் அருமையா எடுக்கறாங்க. எதுவா இருந்தாலும் ஒன்பது மணிக்கு மேல கானல் ஆடும், அப்போ தூரத்துப் படம் எதுவும் ஷார்ப்பா வராது, லென்ஸ சந்தேகப்படாம டீ குடிக்கப் போங்க. லென்ஸ தாங்க நான் பழைய அலுமினியத் தாம்பாளம் வெச்சிருக்கேன், மேல ஒரு ஜீன்ஸ் கால்ல அரிசி ரொப்பித் தெச்சது, மணல்ல வழுக்கிட்டே போகும். பீச்ல லென்ஸ் மாத்தவே மாத்தாதீங்க. வீட்டுக்கு வந்ததும் மொதல்ல ப்ளோயரால மணல ஊதிட்டு அப்புறம் ஈரத் துணி, காஞ்ச துணியால தேச்சா கோடு விழும்.

ஒரு விஷயத்துல மட்டும் கண்டிப்பா இருங்க. கொசு உள்ளான் எடை சாதாரணமா முப்பது கிராம் கூட வராது, ஆர்க்டிக் பக்கத்துலேர்ந்து வந்து திரும்ப அங்க போகணும், மார்ச் ஏப்ரல்ல அது கொழுப்பு ஏத்தற நேரம், ஃப்ளைட் ஷாட் வேணும்னு கை தட்டிக் கெளப்பறவங்களப் பாத்தா எனக்கு எரியும். அதே மாதிரி ஹனுமான் உப்புக்கொத்தி நம்ம ஊர்லயும் இலங்கையிலயும் வெறும் மணல்லயே முட்டை போடற பறவை, 2023ல தான் அத தனி இனம்னு திரும்பப் பிரிச்சாங்க, ராமர் பாலம் நெனப்புல தான் அந்தப் பேரு. ஒரு உப்புக்கொத்தி ரெக்கை ஒடஞ்ச மாதிரி உங்க முன்னாடி தரையில இழுத்துட்டு ஓடினா அது நடிப்பு, முட்டையோ குஞ்சோ கிட்டத்துல இருக்குன்னு அர்த்தம். படம் எடுக்காதீங்க, வந்த கால் தடத்துலயே மிதிச்சுத் திரும்பிப் போங்க.

நல்லாப் படுத்துக் கெடந்தா இன்னொரு விதமான தோல்வி வரும். போன சீசன்ல ஒரு கொசு உள்ளான் மேஞ்சுகிட்டே வந்து லென்ஸுக்கு ரெண்டு மீட்டருக்குள்ள நுழைஞ்சுருச்சு, ஃபோகஸ் பிடிக்கவே இல்ல. மூக்கு நுனியில ஒட்டின மணல், கால்ல வழியற தண்ணி, ஒவ்வொரு கொத்துக்கும் ஈர மணல்ல விழற ஊசி ஓட்டை, அதெல்லாம் வெறும் கண்ணால பாத்துட்டுக் கெடந்தேன்.