ஆன்லைன் வந்தும் அலைச்சல் ஏன்? டெல்டாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசு இணையதளம் எவ்வளவு எளிதாக இருந்தாலும், பக்கத்து வயல்காரருக்கு வேலை முடிந்ததா, பணம் ஏறியதா என்று பார்த்த பிறகுதான் விவசாயி அந்தப் பக்கம் வருவார். தொழில்நுட்பத்தை மக்கள் ஏற்பதற்குப் பயனும் எளிமையும் காரணம் என்று 1989-இல் ஃப்ரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதினார். திருவாரூர், நாகை பக்கம் இவற்றுக்கு முன்னால் நம்பிக்கையை வைக்க வேண்டும். அது கெடுவதோ, விவசாயிக்குப் பதிந்து கொடுப்பவர்கள் செய்யும் சின்னச் சின்னத் தவறுகளால்.

இ-சேவை மையத்தில் கேன் எண் (அரசுச் சேவைகளுக்கு ஒவ்வொருவருக்கும் தரும் பதிவு எண்) பதியும்போது, ஓடிபி சீக்கிரம் வரட்டும் என்று மையத்தின் செல்போன் எண்ணையே போட்டுவிடுவது அதில் முக்கியமானது. விண்ணப்பம் திரும்பினால் குறுஞ்செய்தி அங்கேதான் போகும், விவசாயிக்குத் தெரியாது. போன் இல்லாதவருக்கு மகன் அல்லது மகள் எண்ணைக் கொடுங்கள். எந்த எண் என்பதை ரசீதின் பின்னால் எழுதியும் கொடுங்கள்.

சம்பா பயிர்க் காப்பீடு வழக்கமாக நவம்பர் நடுவில் முடியும். கடைசி இரண்டு நாளில் சர்வரும் திணறும், கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) தரும் சாகுபடிச் சான்றான அடங்கலுக்கும் வரிசை நிற்கும். அதைவிட மோசம், வருவாய் கிராமத்தை மாற்றிப் பதிவது. வீடு ஓர் ஊரிலும் வயல் அடுத்த ஊரிலும் இருப்பது டெல்டாவில் சகஜம். இழப்பீட்டை வருவாய் கிராமவாரியாக, மாதிரி வயல்களில் அறுத்து அளக்கும் அறுவடைச் சோதனை விளைச்சலை முக்கியமாக வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஆதார் முகவரியைப் பார்த்துப் பதிந்தால் வயல் மூழ்கினாலும் பணம் வராமல் போகலாம். நில உரிமை விவரம் தரும் சிட்டாவில் உள்ள கிராமம், புல எண், உட்பிரிவு மூன்றையும் ரசீதோடு அங்கேயே ஒப்பிடுங்கள். சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். அதற்கு மேல் யாராவது கேட்டால் எதற்கென்று கேட்கச் சொல்லுங்கள்.

பி.எம். கிசான் தவணை 2,000 ரூபாய் வரவில்லையா? உடனே புது விண்ணப்பம் போடாதீர்கள். ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைந்ததோ, பணம் அதில் ஏறியிருக்கலாம். பல நேரம் மறந்துபோன நூறு நாள் வேலைக் கணக்கில் கிடக்கும்.

நாற்று நட்ட கைகளில் ரேகை தேய்ந்திருக்கும். வரிசைக்கு முன்னால் திரும்பத் திரும்ப அழுத்தச் சொல்லாமல், முகப் பதிவோ ஓடிபியோ இருந்தால் அதற்கு மாறுங்கள்.

கோயில் நிலத்துக் குத்தகைக்காரர்களிடம் மட்டும் ‘எல்லாமே ஆன்லைன்’ என்று சொல்லக் கூடாது. பட்டா கோயில் பெயரில் இருக்கும். சாகுபடியாளர் இவர்தான் என்று விஏஓ அடங்கல் கொடுத்த பிறகே பயிர்க் காப்பீட்டுப் பதிவு நடக்கும். முதலில் விஏஓவிடம் அனுப்பினால் ஒரு நடை மிச்சம்.