ரெவிட்ல (கட்டடத்தை 3டில மாடல் பண்ற சாஃப்ட்வேர்) ரெண்டு கூரை சேர்ற இடத்தை சரியா கொண்டு வர்றது எப்படி

எல் ஷேப் வீடுன்னா ரெண்டு கூரையா வரையாதீங்க, ரூஃப் பை ஃபுட்பிரின்ட்ல (வெளிக்கோட்டை வரைஞ்சு கூரை போடுற டூல்) ஒரே ஸ்கெட்ச்சா போட்டு, கேபிள் (முக்கோணச் சுவர் முனை) வர்ற முனைக் கோட்டுல மட்டும் டிஃபைன்ஸ் ஸ்லோப் (அந்தக் கோட்டுல இருந்து கூரை சரியும்னு சொல்ற) டிக்கை எடுத்துடுங்க, வேலி (valley, ரெண்டு சரிவும் உள்பக்கமா சேர்ற பள்ளக் கோடு) தானா விழும்.

மாடல் பண்றதுக்கு முன்னாடி கணக்கு போட்டு பாருங்க, இதுதான் ரொம்ப முக்கியம். ஈவ்ல (கூரையோட கீழ் ஓரம்) இருந்து ஈவ் வரைக்கும் மெயின் கூரை 8 மீட்டர் அகலம், சரிவு 30 டிகிரின்னா ரிட்ஜ் (கூரையோட உச்சிக் கோடு) ஈவுக்கு மேல கிட்டத்தட்ட 2.31 மீட்டர் போகும். பக்கத்து விங் (எல் ஷேப்ல பக்கவாட்டுல நீளுற பகுதி) 6 மீட்டர்னா அதே சரிவுல 1.73 தான், அதனால அந்த ரிட்ஜ் மெயின் கூரையோட சரிவுல போய் முட்டும். சரிவு ஒண்ணா, விங் 90 டிகிரில இருந்தா பிளான்ல வேலி 45 டிகிரில தெரியணும், தெரியலன்னா சரிவோ விங்கோட கோணமோ எங்கயோ மாறியிருக்குன்னு அர்த்தம். ரெண்டு ரிட்ஜும் ஒரே உயரத்துல வேணும்னா விங் சரிவை சுமார் 37.6 டிகிரிக்கு ஏத்தணும், அப்போ 45 வராது, அது தப்பில்ல.

டார்மர் (கூரைச் சரிவுல இருந்து வெளிய நீட்டிக்கிட்டு ஜன்னலோட நிக்குற சின்ன அமைப்பு) மாதிரி தனிக் கூரைக்கு ஜாயின்/அன்ஜாயின் ரூஃப் எடுங்க, முதல்ல நீட்ட வேண்டிய கூரையோட ஓரம், அப்புறம் அது முட்டுற மெயின் கூரையோட ஃபேஸ், இந்த வரிசைலதான் கிளிக் பண்ணணும். சேர்ந்த பிறகு டார்மர் ஓப்பனிங் போட்டு உள்பக்க சுவர் ஃபேஸை பிக் பண்ணி ஓட்டையை வெட்டுங்க. செக்ஷன் (குறுக்குவெட்டுத் தோற்றம்) வெட்டி பாக்காம விடாதீங்க, 3டில அழகா தெரியுற கூரைக்கு அடியில சுவர் மேல துருத்திக்கிட்டு நிக்கும், அதுக்கு சுவரை செலக்ட் பண்ணி அட்டாச் டாப் (சுவரோட மேல் ஓரத்தை கூரையோட சேர்க்குறது) கொடுத்தா போதும்.