மாதிரி ஐ.நா. சபைக்குப் போகுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி, கடலூர் கல்லூரிகளிலிருந்து மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாகப் பேசும் மாதிரி ஐ.நா. பொதுச்சபைக்குப் போகிறவர்களில் பலர் பட்டிமன்றத்தில் பேசிப் பழகியவர்கள். வில்லங்கமே அங்கேதான். பட்டிமன்றத்தில் எதிரணியை மடக்கினால் கைதட்டல் விழும். பொதுச்சபையிலோ, மேடையில் மட்டம்தட்டப்பட்ட நாடு உங்கள் தீர்மானத்துக்கு ஓட்டுப் போடாது. 193 நாடுகளுக்கும் தலைக்கு ஓர் ஓட்டு, ஒரே நாடு தடுத்து நிறுத்தும் வீட்டோ அதிகாரம் கிடையாது. ஆகவே பாதி நேரமாவது தீர்மான வரைவைக் கையில் வைத்துக்கொண்டு ஆதரவு திரட்டுங்கள்.

அந்த வரைவில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். ‘பொருளாதாரத் தடை விதிக்கிறது’, ‘படையை வாபஸ் வாங்க உத்தரவிடுகிறது’ என்று எழுதினால் அங்கேயே அடிபட்டுவிடும். எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் தடையைப் பாதுகாப்பு சபைதான் விதிக்க முடியும். பொதுச்சபை வலியுறுத்தலாம், பரிந்துரைக்கலாம், கேட்டுக்கொள்ளலாம். பட்ஜெட் போன்ற ஐ.நா.வின் உள்விவகாரங்களில்தான் அது சொன்னால் சொன்னது.

அதற்காகப் பரிந்துரை வெற்றுக் காகிதம் என்று நினைக்க வேண்டாம். கடலரிப்பைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகள் காலநிலை என்றதும் ‘உலகம் விழித்தெழ வேண்டும்’ என்று உருக்கமாக எழுதிவிடுவார்கள். வனுவாட்டு என்ற குட்டித் தீவு நாடு அப்படிச் செய்யவில்லை. காலநிலையைக் காக்க நாடுகளுக்குச் சட்டப்படி என்ன கடமை, தவறினால் என்ன விளைவு என்று சர்வதேச நீதிமன்றத்திடம் பொதுச்சபையைக் கேட்க வைத்தது. 130-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து முன்மொழிந்த அந்தத் தீர்மானம் 2023 மார்ச் 29-ல் ஓட்டெடுப்பே இல்லாமல் நிறைவேறியது. 2025 ஜூலையில் நீதிமன்றத்தின் கருத்தும் வந்துவிட்டது.

முக்கியத் தீர்மானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்றதும் 193-ஐ வைத்துக் கணக்குப் போடுவது இன்னொரு தவறு. ஆதரவும் எதிர்ப்பும் மட்டுமே கணக்கு, நடுநிலை சேராது. 2022 மார்ச் 2-ல் உக்ரைன் தீர்மானத்துக்கு ஆதரவு 141, எதிர்ப்பு 5, இந்தியா உட்பட நடுநிலை 35. ஆக, எண்ண வேண்டியது 146. 98 ஓட்டு வந்தாலே போதும்.

கிடைத்த நாட்டை மறந்து சொந்தக் கருத்தைப் பேசுவதும் உண்டு. காலனி நீக்கத்தை விவாதிக்கும் நான்காம் குழுவில் பிரான்ஸ் கிடைத்தால் புதுச்சேரிக்காரருக்குச் சங்கடம்தான். தன்னாட்சி பெறாத பகுதிகளின் 1946-ம் ஆண்டுப் பட்டியலில் பிரெஞ்சிந்தியாவும் இருந்தது. நம் ஊர் கதை இந்தியாவும் பிரான்ஸும் போட்ட ஒப்பந்தத்தில் முடிந்தது. பசிபிக்கில் பிரான்ஸின் ஆட்சியில் உள்ள நியூ கலிடோனியா இன்னும் பட்டியலில் இருக்கிறது. அங்கே 2018, 2020, 2021 என மூன்று பொதுவாக்கெடுப்பிலும் ‘விடுதலை வேண்டாம்’ என்பதே வென்றது, மூன்றாவதை விடுதலை ஆதரவாளர்கள் புறக்கணித்தார்கள். முதல் பாதியை நீங்கள் சொன்னதும் இரண்டாம் பாதியைக் கேள்வியாக யாராவது கேட்பார்கள். பதிலோடு போங்கள்.