ஸ்ட்ரட் உச்சி நட்டில் கை வைக்கும் முன்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அடிக்கடி ஏறி இறங்கும் காரில் ஒருநாள் முன்பக்கம் ‘டொக் டொக்’ என்று சத்தம் வரலாம். ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) உச்சியில் இருக்கும் மவுண்ட்டை நாமே மாற்றிக்கலாமே என்று இறங்குகிறவர்கள் இதைப் படிச்சிட்டுப் போங்க.

உச்சியில் இருக்கும் நடு நட்டுதான் ஆபத்து. காயில் ஸ்பிரிங்கின் மொத்த விசையையும் அதுதான் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்காமல் கழற்றினால் மேல்தட்டு தெறித்து ஆளையே கொன்றுவிடும்.

ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்க கொக்கி வைத்த திருகுக் கருவி உண்டு, அதுதான் கம்ப்ரஸர்; இரண்டையும் ஸ்பிரிங்கின் நேர் எதிர்ப் பக்கங்களில் மாட்டுங்கள். முடிந்தவரை அதிகச் சுற்றுகளைக் கொக்கிக்குள் கொண்டுவாருங்கள். மரையில் கிரீஸ் தடவி, கை ஸ்பேனரால் இந்தப் பக்கம் இரண்டு திருகு, அந்தப் பக்கம் இரண்டு திருகு. ஏர் கன் வேண்டவே வேண்டாம், மரை போய்விடும். ஸ்பிரிங் வாழைக்காய் மாதிரி வளைகிறதா? உடனே நிறுத்தி மறுபக்கத்தைச் சமமாக்குங்கள், இல்லையென்றால் கொக்கி வழுக்கும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஸ்ட்ரட்டின் முனையை எப்போதும் சுவர்ப் பக்கம்தான் வைப்பார். “முனைக்கு நேரா நிக்காதீங்க தம்பி” என்பார்.

ஸ்பிரிங் தட்டை விட்டு விலகி, கையால் அசைத்தால் லொடலொடவென்று ஆட வேண்டும். அப்புறம்தான் நட்டு.

கழற்றும் முன் ஸ்பிரிங்கும் தட்டும் சேரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது ஸ்பிரிங்கின் முனை கீழ்த்தட்டின் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். நட்டை முழுதாக இறுக்கிய பிறகு கம்ப்ரஸரை அதே மாதிரி மாற்றி மாற்றித் தளர்த்துங்கள்.